ருக்ஸத்தாய் வந்தவை, ஆதத்தாய் நின்றவை

ஃபிக்ஹு நூலோர் ‘அஸீமத்’ என்றும் ‘ருக்ஸத்’ என்றும் இரண்டைப் பிரித்துக் கூறுவர். முன்னது மூல விதி. பின்னது இடர்ப்பாட்டின் பொருட்டு வழங்கப்பட்ட சலுகை. பயணி ஊர் திரும்பியதும் கஸ்ர் முடிகிறது. தண்ணீர் கிடைத்ததும் தயம்மும் முறிகிறது. காரணம் நீங்கினால் சலுகையும் நீங்கும் என்பது சட்ட அறிஞர்களிடையே அறியப்பட்ட விதி. மக்களின் நடைமுறை வழக்கமாகிய ‘ஆதத்’ அவ்வாறன்று. அது வந்த காரணம் மறைந்த பின்னும் தங்கிவிடும் இயல்புடையது. 2020இன் பெருந்தொற்று நம் அன்றாட வாழ்வில் புகுத்தியவற்றுள் எவை ருக்ஸத்தாக வந்து அகன்றன, எவை ஆதத்தாக நிலைத்தன என்பதைக் கள்ளக்குறிச்சி வட்டாரத்தை முன்னிறுத்தி இங்கு நோக்குவோம்.

கொள்ளைநோய் நம் வரலாற்றுக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 18இல் (கி.பி. 639) ஷாம் நாட்டில் அம்வாஸ் தாஊன் பரவியது. கலீஃபா உமர் (ரலி) ஸர்க் என்னுமிடம் வரை சென்று, செய்தியறிந்து மதீனா திரும்பினார். அபூ உபைதா (ரலி), முஆத் (ரலி) ஆகியோர் அந்நோயிலேயே மறைந்தனர். பின்னர்ப் பொறுப்பேற்ற அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) மக்களை மலைகளுக்குச் சிதறிச் செல்லுமாறு பணித்தார். நோய் தணிந்தது, மக்கள் இறங்கி வந்தனர். ஏறியது ருக்ஸத், அது இறங்கியதோடு முடிந்தது.

இதற்கு மாறானதொரு நிகழ்ச்சியையும் காண்கிறோம். 1865ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது காலரா பெருகியது. அதன் விளைவாக 1866இல் கான்ஸ்டாண்டிநோபிளில் உலக நாடுகளின் சுகாதார மாநாடு கூடியது. செங்கடலின் கமரான் தீவில் ஹாஜிகளைத் தடுத்துவைக்கும் நிலையம் 1880களின் தொடக்கத்தில் எழுந்தது. இந்தியக் கப்பல்களில் சென்ற ஹாஜிகளுக்குப் பல பத்தாண்டுகள் வரை கமரான் ஹஜ் பயணத்தின் ஓர் அங்கமாகவே ஆயிற்று. இவ்விரண்டையும் ஒப்பிட்டால் ஒன்று புலனாகிறது. அச்சம் மட்டுமே பிறப்பித்த வழக்கம் அச்சத்தோடு போய்விடும். விதியும் கருவியும் துணைநின்ற வழக்கம் தங்கும்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயற்படத் தொடங்கியது 2019 நவம்பர் 26 அன்று. நான்கு மாதங்கள் நிறைவதற்குள், 2020 மார்ச் 24 மாலை தமிழகத்தில் தடையுத்தரவு வந்தது; மறுநாள் நாடு முழுவதும் முடங்கியது. பள்ளிவாசல்கள் அடைக்கப்பட்டன. மழை நாளில் வீட்டிலேயே தொழுமாறு பாங்கில் அறிவிக்கும் நபிவழிச் சலுகையை ஹதீஸ் பாடத்தில் மட்டுமே படித்திருந்தோம். அவ்வாண்டு குவைத்தின் பள்ளிகளில் அது ஒலித்ததைக் கைப்பேசி வழியே கேட்டுக் கண்கலங்காதவர் குறைவு. நோன்புக் கஞ்சிக்கென அரசு பள்ளிவாசல்களுக்கு வழங்கும் பச்சரிசி, அந்த ரமளானில் அண்டாவுக்குச் செல்லாமல் சிறு பைகளாகப் பிரிந்து வீடுகளுக்குச் சென்றது. தமிழகத்தில் எல்லா வழிபாட்டிடங்களும் திறக்க 2020 செப்டம்பர் 1 ஆயிற்று. மறு ஆண்டு இரண்டாம் அலையில் மீண்டும் அடைப்பு. அதன் பின்னரும் சில வாரங்கள் வெள்ளி முதல் ஞாயிறு வரை தடை நீடித்து, 2021 அக்டோபர் 14இல்தான் விலகியது. மற்ற நாள்களில் திறந்தும் ஜும்ஆ இல்லாத பள்ளிவாசல் என்பதை நம் முன்னோர் கண்டிருப்பார்களா என்பது ஐயமே.

இன்று அவற்றுள் என்ன எஞ்சியுள்ளது? ஸஃப்பில் விட்ட இடைவெளி மறைந்தது. முகக்கவசம் மறைந்தது. முஸாஃபஹா முன்னிலும் இறுக்கமாகத் திரும்பியது. வீட்டிலிருந்து கொண்டுவந்த முஸல்லா வீட்டுக்கே போயிற்று. ஆனால் ஹவுளை மூடி வைத்த நாள்களில் குழாயைப் பயன்படுத்தத் தொடங்கிய பள்ளிகள் சில, ஹவுளுக்குத் திரும்பவே இல்லை. உண்டியலின் அருகே ஒட்டிய கியூஆர் அட்டை அகலவில்லை. மௌத் செய்தி வாட்ஸ்அப்பில் வருகிறது. வளைகுடாவிலிருக்கும் மகன் தந்தையின் அடக்கத்தைத் திரையில் காண்கிறான். ‘ஃகாயிப் ஜனாஸா’ குறித்து ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும் நெடுங்காலமாகக் கொண்டுள்ள கருத்துவேறுபாட்டை இப்போது பாமரரும் வினவுகின்றனர். ஆசிரியர் என்ற முறையில் இதனை நாம் வரவேற்கிறோம்.

ஹரமைனிலும் இதே நிலை. 2020 அக்டோபர் 4இல் உம்ரா மீண்டும் தொடங்கியபோது, கூட்டத்தைக் கட்டுப்படுத்த ‘இஃதமர்னா’ என்னும் செயலி வந்தது. 2022இல் ‘நுஸுக்’ வந்தது. தொற்றுக்கால வரம்புகள் நீங்கிவிட்டன. எனினும் மதீனாவின் ரவ்ளாவில் தொழ முன்பதிவு அனுமதி பெறும் முறை நீடிக்கிறது. கமரானின் வழித்தோன்றல் இன்று கைப்பேசிக்குள் இருக்கிறது எனலாம்.

கருவி தங்கியது என்றோம். கருவி எட்டாத இடத்தில் என்ன நிகழ்ந்தது என்பதற்குக் கல்வராயன் மலையே சான்று. ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து 1976இல்தான் விடுபட்ட மலை அது. மலையாளிப் பழங்குடியினர் கூலி தேடிக் கேரளத்துக்கும் திருப்பூருக்கும் இறங்குபவர்கள். ஊரடங்கில் ஏறித் திரும்பினர். அம்வாஸ் காலத்து மக்களைப் போல மலை இவர்களுக்கும் அடைக்கலம் தந்தது. அடுப்புக்கு வழி தரவில்லை. கீழே பாடம் கைப்பேசிக்கும் கல்வித் தொலைக்காட்சிக்கும் மாறியபோது, அலைவரிசை எட்டாத மலைக் குடியிருப்புகளில் பாடமே நின்றது. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1இல் திறந்தன. 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, இரண்டாம் வகுப்புப் பிள்ளையாகவே முதன்முதலில் வகுப்பறையில் அமர்ந்தது.

அந்த இடைவெளியை நிரப்ப அரசு வாசலைத் தேடி வந்தது. 2021 ஆகஸ்ட் 5இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ கிருஷ்ணகிரி மாவட்டத்திலும், அக்டோபர் 27இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ அண்டையிலுள்ள விழுப்புரம் மாவட்டத்தின் முதலியார்குப்பத்திலும் தொடங்கின. இரத்த அழுத்த மாத்திரை வீட்டு வாசலில் கிடைப்பது, நகரத்தாரைவிட மலையேறி இறங்க வேண்டிய முதியவருக்கே பெரிய மாற்றம். கள்ளக்குறிச்சிக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் இக்காலத்தில் வாய்த்தது. 2022 ஜனவரி 12இல் அது திறக்கப்பட்டதும் காணொலி வழியேதான். நகரில் வசதியாக வந்த ஆதத், மலையில் உரிமையாக வந்தது. சாலையும் கோபுரமும் எட்டும் அளவுக்கே அது நிலைக்கிறது.

நின்றிருக்க வேண்டியதும் நில்லாமற் போனதுமான ஒன்றை இங்குக் குறிப்பிட வேண்டும். 2020, 2021 ஆகிய இரு ரமளான்களிலும் எத்தனையோ இல்லங்கள் தராவீஹுக்கு ஜமாஅத் ஆயின. மத்ரஸாவில் ஓதிய மகன் முன்னே நின்றான். தந்தை அவன் பின்னால். தாயும் சகோதரிகளும் கடைசி ஸஃப்பில். தம் வீட்டுப் பிள்ளை ஓதிய குர்ஆனைத் தொழுகையில் நின்று கேட்கும் வாய்ப்பு நம் பெண்களில் பலருக்கு அதுவரை கிடைத்ததில்லை. இதற்குச் செயலி தேவைப்படவில்லை, அரசாணையும் தேவைப்படவில்லை. ஒருவேளை அதனால்தான் அதைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாமற் போயிற்று. 2022 ரமளானில் பள்ளிவாசல்கள் நிரம்பின. ஆண்கள் இஷாவுக்குப் புறப்பட்டனர். கூடத்தில் விரித்திருந்த பாய்கள் சுருட்டப்பட்டன. பெண்கள் முன்போலவே தனித்தனியே தொழலாயினர்.