இரண்டாவது பேஸ் கிதார்: முதற்கருவி மறுத்தவற்றின் வரலாறு

கழக்கூட்டத்தில் நான் தங்கியிருக்கும் மாடியறையில் ஒரு பேஸ் கிதார் இருக்கிறது. பகலில் காரியவட்டம் வளாகத்தில் தமிழாய்வு. சனிக்கிழமை மாலைகளில் டெக்னோபார்க்கில் பணிபுரியும் மூன்று நண்பர்களோடு வாசிப்பு. பதினோர் ஆண்டுகள் அந்த ஒரு கருவியோடு கழிந்தன. இவ்வாண்டு கையில் ஒரு சிறுதொகை சேர்ந்தது. இரண்டாவதாக ஒன்று வாங்கலாம் என்று வாய்விட்டுச் சொன்னதுதான் பிழை. “அண்ணா, இருப்பதைப் போலவே இன்னொன்றை வாங்குங்கள், மேடையில் தந்தி அறுந்தால் உதவும்” என்றார் ஒருவர். (வடக்கே ‘சேட்டன்’ என்பதைத் திருவனந்தபுரத்தார் ‘அண்ணன்’ என்றே வழங்குவர், இந்த ஊரின் தமிழ்த் தடயங்களில் எனக்கு மிக உவப்பானது இது.) மற்றவர் ஐந்து தந்திக் கருவியே காலத்துக்கு ஏற்றது என்றார். மூன்றாமவர் ஃப்ரெட்லெஸ், அதாவது மெட்டே இல்லாத கருவியைச் சொன்னார். மூன்று யோசனைகளும் வரலாற்றில் வேறு எவரோ முன்பே எடுத்த முடிவுகள் என்பது பின்னர்தான் உறைத்தது. கடைக்குப் போகுமுன் அந்த முடிவுகளைப் படித்துப் பார்த்தேன். இசை வரலாற்றில் ஈடுபாடுள்ள ஆய்வு மாணவர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேடிக்கை. உலகில் பெருமளவில் விற்ற முதல் மின் பேஸ் கிதாரே ஓர் இரண்டாம் கருவிதான். 1951இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் தம் பிரிசிஷன் பேஸை வெளியிட்டபோது, அதை வாங்கக்கூடியவர்களில் பலர் ஆள் உயர டபுள் பேஸை வாசித்துக்கொண்டிருந்தவர்கள். அதைக் காரின் கூரையில் கட்டித்தான் ஊர் ஊராகக் கொண்டுசெல்ல வேண்டும். மின்கிதாரும் டிரம்ஸும் சேர்ந்தால் அதன் ஒலி அமிழ்ந்துபோகும். அதன் கழுத்தில் மெட்டு இல்லை என்பதால் கிதார் பழகியவர் எடுத்தால் சுருதி தவறும். இம்மூன்றுக்கும் ஃபெண்டர் அளித்த விடை 34 அங்குலத் தந்தி நீளமும், மின் ஒலியும், மெட்டுகளும். பெயரிலுள்ள ‘துல்லியம்’ மெட்டுகளைக் குறிக்கிறது. மெட்டைக் கழற்றிவிட வேண்டும் என்று பின்னாளில் ஒரு தலைமுறை விரும்பப்போவதை அவர் எண்ணியிருக்க மாட்டார்.

அதே நிறுவனம் 1960இல் ஜாஸ் பேஸை வெளியிட்டது. ஒன்றுக்கு இரண்டாகப் பிக்கப்புகள். தலைப்பக்கம் ஒன்றேமுக்கால் அங்குல அகலத்திலிருந்து ஒன்றரை அங்குலமாகக் குறுகிய கழுத்து. நான் இங்கே கவனிப்பது வடிவமைப்பை விட வணிகத்தை. புதியது வந்தபின் பழையதை நிறுத்தவில்லை. இரண்டும் இன்றுவரை அடுத்தடுத்து விற்கப்படுகின்றன. ஆகவே புதியதைப் பழையதன் திருத்திய பதிப்பாகக் கொள்ள இயலாது. பழையது கொடுக்காத ஒன்றை அது கொடுத்தது; அதற்கு ஈடாகப் பழையதில் இருந்த ஒன்றை இழந்தது. பிரிசிஷனின் ஒற்றை, தடித்த குரலை ஜாஸ் பேஸில் எதிர்பார்க்க முடியாது. இரண்டாம் கருவியைத் தேடுபவர் எது சிறந்தது என்று கேட்பதில்தான் வழி தவறுகிறார் என்று எனக்குப் படுகிறது. என்னிடம் இருப்பது எதை மறுக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இதற்குத் தெளிந்த சான்று பால் மக்கார்ட்னி. 1961இல் ஹாம்பர்க் நகரில் அவர் வாங்கியது ஹாஃப்னர் 500/1. இடக்கையர் ஆகையால், வயலின் போன்ற சமச்சீர் உடல் திருப்பிப் பிடித்தாலும் விகாரமாகத் தோன்றாது என்பது அவர் பின்னர் கூறிய காரணங்களுள் ஒன்று. 1963இல் இரண்டாவதாக ஒன்று அவரிடம் வந்தது; அதுவும் ஹாஃப்னர் 500/1. என் முதல் நண்பர் சொன்ன யோசனை இதுவே. இதை மாற்றுக்கருவி எனலாம். துணைக்கருவி எனல் ஆகாது. ஒன்று பழுதுபட்டால் மற்றது நிற்கும்; இசையில் புதிதாக எதுவும் நிகழாது. 1965இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ரிக்கன்பேக்கர் 4001எஸ் அவர் கைக்கு வந்தபோதுதான் மாறுதல் தொடங்கியது. ஹாஃப்னரின் உடல் உள்ளீடற்றது. தந்தி நீளம் சுமார் 30 அங்குலம். ஒலி எழுந்த வேகத்தில் தணியும். ரிக்கன்பேக்கர் திண்ணிய மேப்பிள் மரம். ஒலி நீண்டு நிற்கும். உயர்ந்த இடங்களிலும் ஒவ்வொரு சுரமும் தனித்துக் கேட்கும். நீண்டு நிற்கும் சுரம் கிடைத்தவருக்கு அதைக் கொண்டு தனி மெட்டமைக்கத் தோன்றுவது இயல்பு. 1967இல் ‘சார்ஜண்ட் பெப்பர்’ தொகுப்பில் பல பாடல்களுக்குப் பிற பகுதிகள் முடிந்தபின் கடைசியில் பேஸைத் தனித்தடத்தில் பதிந்தார்கள். அடித்தளத்தைக் கடைசியில் போடும் கட்டடக்கலை!

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1969 சனவரியில் லண்டன் மாடிக்கூரையில் நடந்த அந்த இறுதி நிகழ்ச்சியில் அவர் கையில் இருந்தது பழைய ஹாஃப்னர். துணைக்கருவி வந்ததால் முதற்கருவி ஓய்வுபெறவில்லை. எதற்கு எது என்பது தெளிந்தது. 1961இல் வாங்கியது 1972இல் களவுபோய், அரை நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் அவரிடம் சேர்ந்தது 2024இல் செய்தியாயிற்று. மாற்றுக்கருவி வைத்திருந்தும் அந்த ஒன்றை அவர் மறக்கவில்லை போலும்.

எதிர்ச்சான்று ஒன்று உண்டு. அதை மறைப்பது ஆய்வு நெறியாகாது. டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தம் புகழ்பெற்ற பதிவுகளிற் பெரும்பாலானவற்றை ஒரே பிரிசிஷன் பேஸில், வலக்கையின் ஒரே விரலால் வாசித்தார். தட்டைச் சுற்றுத் தந்திகளை அறுந்தாலன்றி மாற்றுவதில்லை என்பார்கள். ஒரு கருவி, ஒரு விரல், ஆயிரம் பாடல். அவர் பெயர் மோட்டவுன் இசைத்தட்டின் உறையில் முதன்முறை அச்சேறியதே 1971இல்தான்.

சென்னைக்கு வருகிறேன். இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்றவர். கிதார்க் கலைஞராக சலில் சௌத்ரியின் பதிவுகளில் வாசித்தவர். ‘அன்னக்கிளி’ (1976) வழியாக இசையமைப்பாளர் ஆனவர். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் இசைக்குறிப்பைத் தாமே எழுதிக் கொடுப்பது அவர் வழக்கம். பேஸ் கிதார்க் கலைஞரின் முன் வைக்கப்பட்ட அந்தத் தாளில் பாடகரின் மெட்டுக்கு எதிர்நின்று நடக்கும் இன்னொரு மெட்டு இருந்தது. சசிதரன் வாசித்த பகுதிகளைத் தலையணி ஒலிபெருக்கியில் கேட்டுப் பாருங்கள். ‘நினைவெல்லாம் நித்யா’ (1982) பாடல்களில் பேஸ் நடக்கும் நடையை மட்டும் தனியே பின்தொடர்ந்தால், பாடல் வேறொரு பாடலாகக் கேட்கும்.

வெளிநாட்டு நுகர்பொருள்களை இறக்குமதி செய்ய உரிமம் தேவைப்பட்ட காலம் அது. 1991இன் தாராளமயத்துக்குப் பிறகும் நுகர்பொருள்கள் மீதான அளவுக் கட்டுப்பாடுகள் முற்றிலும் நீங்கியது 2001 ஏப்ரல் 1 அன்றுதான். ஒரு பாடலுக்கு ஒரு பேஸ் என்று மாற்றி எடுக்கும் வசதி அந்நாளைய கலைஞருக்கு எளிதில் வாய்த்திருக்காது. ஆகவே கருவி செய்ய வேண்டிய வேலையைக் கை செய்தது. தந்தியைப் பாலத்தை ஒட்டி மீட்டினால் மேற்சுரங்கள் மிகுந்து ஒலி கூர்மையாகும். கழுத்தை ஒட்டி மீட்டினால் உருண்டு இனிக்கும். உள்ளங்கை ஓரத்தைத் தந்திமேல் வைத்தால் ஒலி அமுங்கித் தாளவாத்தியம் போலாகும். ‘கருவி இல்லாமையால் குறைந்தது’ என்று இக்காலத்தைப் பற்றிச் சிலர் எழுதுவதை நான் ஏற்பதில்லை. ‘கருவி இல்லாமையே கலையை வளர்த்தது’ என்ற மறுமுனையையும் ஏற்பதற்கில்லை; வறுமைக்கு அவ்வளவு புகழ் வேண்டாம். மெட்டிட்ட கழுத்தில் எவ்வளவு முயன்றாலும் வராத ஒன்று இருந்தது. அதுதான் கமகம்.

இங்கே என் துறை எனக்குக் கைகொடுத்தது. ஒரு கருவியா, பல கருவிகளா என்ற கேள்வி நம்மிடம் பழையது. யாழ் மீட்டிய பாணர் ஒரே யாழில் குரலாக நிற்கும் நரம்பை மாற்றி ஏழ்பெரும்பாலைகளையும் பிறப்பித்தனர். பண்ணுப்பெயர்த்தல் என்பது அது. ஆயினும் சீறியாழும் பேரியாழும் தனித்தனியே இருந்தன. சிறுபாணர், பெரும்பாணர் என்ற பெயர்களையே அவ்விரு யாழ்களோடு தொடர்புபடுத்தி விளக்குவர். 1550இல் விஜயநகரத்தில் ராமாமாத்தியர் இயற்றிய ‘சுவரமேளகலாநிதி’ இந்தக் கேள்வியை மெட்டுகளின் மேல் வைத்துப் பேசுகிறது. எல்லா ராகங்களும் வாசிக்கத்தக்க மெட்டமைப்புடையது சர்வராகமேள வீணை. ஒரு ராகத்துக்கு வேண்டிய சுரங்களுக்கு மட்டும் மெட்டு வைத்தது ஏகராகமேள வீணை. அடுத்த நூற்றாண்டில், தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தில், 24 மெட்டுகள் மெழுகின்மேல் நிலைபெற்றதாக மரபு கூறும். சர்வராகமேளம் வென்றது. ஒரே வீணை போதும் என்றாயிற்று.

அது போதுமானதற்குக் காரணம் மெட்டுகளின் எண்ணிக்கை மட்டும் அன்று. வீணையின் தந்தியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுத்தால் ஒரே மெட்டில் மேலும் மூன்று நான்கு சுரங்கள் பிறக்கும். 1939இல் தொடங்கிய சுவாதித் திருநாள் இசைக்கல்லூரியில் கே. எஸ். நாராயணசுவாமி கற்பித்த வீணை வழி நெஞ்சில் நிற்பது அந்த இழுப்பின் நிதானத்தால்தான். பேஸ் கிதாரின் தந்தி அப்படி இழுபடாது. தடித்த தந்தி, பெரும் இழுவிசை. விரல் நோக இழுத்தால் ஒரு சுரம் ஏறுவதே அரிது. தோடியின் காந்தாரத்தைப் பேஸில் வாசித்துப் பாருங்கள். அசைய வேண்டிய சுரம் படிக்கட்டில் நின்றுவிடும். கோட்டுவாத்தியக்காரர் இதற்குக் கண்ட வழி மெட்டையே துறப்பது. அமெரிக்காவில் ஜாக்கோ பஸ்தோரியஸ் அதே வழியை வேறு தேவைக்காகக் கண்டார். மெட்டு நீக்கிய 1962ஆம் ஆண்டு ஜாஸ் பேஸ், விரற்பலகைமேல் படகுகளுக்குப் பூசும் எபாக்சிப் பூச்சு. 1976இல் வெளியான அவர் முதல் தொகுப்பில் பேஸ் பாடியது. நம் பக்கம் ஏ. ஆர். ரகுமானின் பதிவுகளில் கீத் பீட்டர்ஸின் வாசிப்பைக் கேட்டவர்களுக்கு மெட்டில்லாக் கழுத்தின் வழுக்கல் புதிதன்று.

ஐந்து தந்தியைச் சொன்ன நண்பருக்கும் நியாயம் செய்ய வேண்டும். நான்கு தந்திக் கருவியின் அடிச்சுரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். ஐந்தாம் தந்தி அதை 31க்கு இறக்கும். சிந்தசைசர்கள் அந்த ஆழத்துக்கு எளிதாக இறங்கத் தொடங்கிய 1980களில் இந்தக் கருவி பரவியது காரணத்தோடுதான். ஆனால் 31 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 11 மீட்டர். என் அறையின் நீளம் அதில் பாதியும் இல்லை. என் சிறிய ஒலிபெருக்கி அந்தச் சுரத்தை உச்சரிக்காது, முனகும். (நம் இசைநூல்கள் கீழ்த்தாயியை ‘மெலிவு’ என்றே சொல்கின்றன என்று நண்பரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.) எங்கள் குழு வாசிக்கும் பாடல்களில் அந்த ஆழம் தேவைப்பட்ட இடங்களை எண்ணிப் பார்த்தேன்: இரண்டு. பாடுபவர் கமகம் போட, நான் படிக்கட்டில் நின்ற இடங்களை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். திரையிசை ஆய்வேடுகளில் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர், ராகம் என்று நான்கு தலைப்புகள் இருக்கும். வாத்தியக் கலைஞரைச் சந்திக்கும் வாய்ப்பு வந்தால் அவர் பெயரோடு நில்லாமல், எந்தக் கருவி, எந்தத் தந்தி, எப்போது கைக்கு வந்தது, அதற்கு முன் எது இருந்தது, எதற்காக மாற்றினார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தலைமுறைக்கு வயதாகிவிட்டது. ஜேமர்சனின் பெயர் தாமதமாகவேனும் உறையில் ஏறியது. நம் ஒலிப்பதிவுக்கூடங்களில் வாசித்தவர்களில் பலருக்கு இன்னும் உறையே கிடைக்கவில்லை.

மெட்டில்லாத கருவியையே வாங்கினேன். கடையில் முதல் சுரத்தைத் தொட்டபோதே சுருதி பிசகியது. விற்பனைப் பையன் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தான். முதற்கருவியில் மெட்டு எனக்காகச் செய்துகொண்டிருந்த வேலை எவ்வளவு என்பது அப்போதுதான் விளங்கியது. பழையதை விற்கவில்லை, தாளத்தோடு இறுகி நிற்க வேண்டிய பாடல்களுக்கு இன்னும் அதுவே. புதியதை இரவில், தம்பூராச் செயலியைப் போட்டுக்கொண்டு, மெல்லிய ஒலியில் பழகுகிறேன். கீழ்வீட்டில் இருக்கும் மூதாட்டி இளமையில் வீணை பயின்றவர். நேற்று காலை படியிறங்கும்போது வாசலில் நிறுத்தி, “மோனே, ரிஷபம் இத்திரி தாழ்ந்நு போகுன்னுண்டு” என்றார்.