மழவர் குலத்து மாதேவியார்

அரியலூர் நாட்டுத் திருமழபாடிக்கு அணித்தே கண்டராதித்தம் என்னும் ஊர் உளது. திருவிசைப்பா அருளிய கண்டராதித்த சோழரின் திருப்பெயர் தாங்கிய ஊர் அது. அவர்தம் தேவியாராகிய செம்பியன் மாதேவியாரை மழவரையர் மகளார் என்று கல்வெட்டுக்கள் போற்றும்.

கி.பி. 957 அளவில் மன்னர் சிவபதம் எய்தியபோது மைந்தர் மதுராந்தகர் சிறு மதலை. ஆதலின் அரியணை மன்னரின் தம்பியார் அரிஞ்சயர் வழிக்குச் சென்றது. அவ்வழியில் பட்டத்திற்குரிய ஆதித்த கரிகாலர் பின்னர்க் கொலையுண்டார். 970 அளவில் மதுராந்தகரே உத்தமசோழராய் முடிபுனைந்தமையின், பழி அவர்மேலும் அன்னையார்மேலும் சாய்த்துப் பேசுவாருளர். கொலைஞரைப் பெயர் சுட்டிக் கூறும் உடையார்குடிக் கல்வெட்டில் இவ்விருவர் பெயரும் இல்லை. கல் சொல்லாத பழியை நாம் சொல்லுவது முறையன்று.

அம்மையார் நாட்டம் திருப்பணியிலேயே நின்றது. திருநல்லத்தில் கணவர் பெயரால் கற்றளி எடுத்து, அவர் இறைவனை வழிபடும் உருவத்தையும் வடிப்பித்தார். திருக்கோடிகாவிற் செயலோ அதனினும் அரிது. பழங்கோயிலைக் கற்றளியாக்குங்கால், பல்லவர் காலம் முதலாக அங்குக் கிடந்த 26 சாசனங்களைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டுவித்தார். முன்னோர் வைத்த அறம் தம் திருப்பணியால் மறைதலாகாது என்று கருதினார் போலும்!

இராசராசர் காலத்தும், 1001 அளவு வரை, அவர் கொடை தொடர்ந்தது. 1019-இல் இராசேந்திரர், அம்மையார் பெயர் கொண்ட செம்பியன் மாதேவி என்னும் ஊர்க் கோயிலில் அவர் திருவுருவை எழுந்தருளுவித்தார்.