சேவல் வைத்த ஸ்திரிக்கைப் பெட்டி



போன கிழமை பழைய இரும்பு வாங்குபவர் எங்கள் தெருவுக்கு வந்தார். ஒரு வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய கரி ஸ்திரிக்கைப் பெட்டி தராசில் ஏறப்போனது. மூடியின் கொளுவியில் சின்னப் பித்தளைச் சேவல். "சேர், இது என்ன?" என்று என்னிடம் படிக்கும் பிள்ளை கேட்டது. அந்தப் பிள்ளைக்காக எழுதுகிறேன்.

முதலில் பெயர். துணியை நீவுவதற்கு ஒல்லாந்தர் 'ஸ்ட்ரைக்கன்' என்பார்கள். நமது 'ஸ்திரிக்கை', சிங்களத்தின் 'இஸ்திரிக்கய' இரண்டும் அதிலிருந்தே வந்தன என்பர். ஒல்லாந்தர் 1656இல் கொழும்பைப் பிடித்து 1796 வரை கரையோரத்தை ஆண்டார்கள். மாத்தளையோ 1815 வரை கண்டி இராச்சியம். அவர்கள் ஆளாத மலைநாட்டுக்கும் அவர்களின் சொல் ஏறி வந்துவிட்டது.

பெட்டிக்குள் சிரட்டைக்கரித் தணல் போடுவார்கள். பக்கத்து ஓட்டைகளால் காற்றுப் போகும். தணல் மங்கினால் பெட்டியை முன்னும் பின்னும் ஆட்டவேண்டும். அப்போது பறக்கும் ஒரு சாம்பல் துகள் போதும், வெள்ளைப் பாடசாலைச் சட்டை கெட்டுப்போகும். அதனால் உம்மா ஒவ்வொரு முறையும் சாம்பலைக் கொட்டித் துடைத்துவிட்டே தணல் போடுவார். அடித்தட்டை வாழையிலையில் தேய்ப்பார். அழுக்கும் போகும், வழுக்கலும் வரும். வேலை முடிந்து ஆறியபின் துருப்பிடிக்காமல் தேங்காயெண்ணெய் பூசுவார். சேவலுக்குப் பழப்புளி.

மின்சார ஸ்திரிக்கைக்கு நியூயோர்க்கின் ஹென்றி சீலி 1882இலேயே காப்புரிமை பெற்றார். ஆனால் கம்பி வராத வீட்டில் அதனால் என்ன பயன்? இலங்கையில் லக்சபான நீர்மின்சாரம் 1950இல்தான் வந்தது. பொல்கொல்லையிலிருந்து சுரங்கவழியாக வரும் மகாவலி நீரில் நமது உக்குவளை மின்நிலையம் 1976இல் இயங்கத் தொடங்கியது. அதன் பிறகும் எங்கள் வீட்டில் பல வருடம் தணல்பெட்டிதான்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. அடுத்த சில நாட்களில் நோன்பு தொடங்கியது. அந்த நாட்களில் பக்கத்து வீட்டார் இதே போன்ற ஒரு பெட்டியைக் கேட்டு எங்கள் வாசலுக்கு வந்தார்கள். எண்ணெய் பூசி வைத்திருந்ததால் அது உடனே வேலைக்கு உதவியது. ஒன்று மட்டும் மறக்கவேண்டாம்: கரிப்புகை நஞ்சு, கதவு யன்னலைத் திறந்துவைத்தே பாவிக்கவேண்டும்.

தராசுக்குப் போன பெட்டியை வீட்டுக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டார். உங்கள் பரணிலும் ஒன்று இருக்கலாம். விற்பதற்கு முன் அதைத் துடைத்து, அதைப் பிடித்த கை யாருடையது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். படம் இருந்தால் கீழே போடுங்கள், வகுப்பில் காட்டுகிறேன்.