வரைந்தால் ஆங்கிலம் வருமா? குழந்தைகளுக்கு ஓவியம் வழியாக மொழி கற்றுத் தருவது எப்படி?

ஒன்றாம் வகுப்பு குழந்தையின் ஆங்கில நோட்டைத் திறந்தால், ஒரே வார்த்தை பக்கம் முழுக்க வரிவரியாக அழகாக எழுதப்பட்டிருக்கும். அதே வார்த்தையை வேறொரு புத்தகத்தில் காட்டி, "இது என்ன?" என்று கேட்டால் பல குழந்தைகள் முழிக்கிறார்கள். கை எழுதிப் பழகிவிட்டது. ஆனால் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பது மனதில் ஏறவில்லை.

இந்த இடைவெளியை நிரப்ப ஓவியம் உதவும். "படம் வரையறதெல்லாம் டைம் பாஸ்" என்று நினைப்பவர்கள் உண்டு. சரியாகப் பயன்படுத்தினால் அது மொழிப்பாடமே. எப்படி? பார்க்கலாம்.

தமிழில் எழுதிப் படித்தால் என்ன சிக்கல்?

ஆங்கில வார்த்தைக்குக் கீழே அதன் உச்சரிப்பைத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்வது நம் ஊரில் ரொம்ப காலமாக இருக்கும் வழக்கம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆட்டுக்கான ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதினால் 'கோட்'. குளிருக்குப் போடும் மேலாடையையும் 'கோட்' என்றுதான் எழுத வேண்டும். பன்றியும் 'பிக்', பெரியது என்பதும் 'பிக்'. ஆங்கிலத்தில் வெவ்வேறு ஒலிகளாக இருப்பவற்றுக்கு நாம் ஒரே எழுத்தைப் பயன்படுத்துவதே காரணம்.

வார்த்தைக்குப் பக்கத்தில் தமிழ் எழுத்துக்குப் பதிலாக ஒரு ஆட்டுப் படம் இருந்தால் இந்தக் குழப்பம் வராது. அர்த்தத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளும். சரியான ஒலியை டீச்சர் சொல்லக் கேட்டுத்தான் குழந்தை பழக வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வார்த்தை முழுசாக மனதில் நிற்கும்.

ஆய்வு என்ன சொல்கிறது?

படம் வைத்து மொழி கற்றுத் தருவது புதிய யோசனை இல்லை. கல்வியாளர் கொமேனியஸ், குழந்தைகளுக்காக லத்தீன், ஜெர்மன் மொழிகளில் படங்களோடு ஒரு பாடப்புத்தகத்தை 1658-ல் வெளியிட்டார். படத்தில் உள்ள பொருள்களுக்கு எண் போட்டு, அந்த எண்ணைச் சொல்லோடு இணைத்திருந்தார்.

2016-ல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். மாணவர்களிடம் எளிய வார்த்தைகளைக் கொடுத்து, சிலவற்றைப் படமாக வரையவும், சிலவற்றைத் திரும்பத் திரும்ப எழுதவும் சொன்னார்கள். பிறகு நினைவில் இருப்பதைக் கேட்டபோது, எழுதிய வார்த்தைகளைவிட வரைந்த வார்த்தைகளே அதிகம் நினைவில் இருந்தன. படம் நன்றாக இருந்ததா இல்லையா என்பது பெரிய வித்தியாசத்தை ஏற்படுத்தவில்லை.

இது கல்லூரி மாணவர்களிடம், அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வார்த்தைகளை வைத்து நடந்த சோதனை. அதனால் சின்னக் குழந்தைகளுக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒரு வார்த்தையை வரைய வேண்டும் என்றால் அதன் அர்த்தத்தை யோசித்தே ஆக வேண்டும். பார்த்து எழுதுவதற்கு அந்த யோசனை தேவையில்லை.

வகுப்பிலும் வீட்டிலும் செய்ய 4 பயிற்சிகள்

1. கேட்டு வரை: "டிரா எ ட்ரீ" என்று சொல்லுங்கள். மரம் வரைந்ததும், "டிரா எ கேட் அண்டர் த ட்ரீ" என்று சொல்லுங்கள். பூனை மரத்துக்குக் கீழே வந்தால் 'அண்டர்' புரிந்துவிட்டது என்று அர்த்தம். கிளை மேல் உட்கார்ந்திருந்தால் இன்னும் புரியவில்லை. வாய் திறந்து பேசக் கூச்சப்படும் குழந்தைக்கும் எவ்வளவு புரிகிறது என்று இதில் தெரிந்துவிடும்.

2. எழுத்தையே படமாக்கு: 'எஸ்' எழுத்தை நெளியும் பாம்பாக வரையலாம். சின்ன 'பி'யையும் சின்ன 'டி'யையும் மாற்றி எழுதும் குழந்தைக்குக் கட்டில் படம் உதவும். 'பெட்' என்ற வார்த்தையில் முதல் எழுத்தின் கோடு கட்டிலின் தலைமாடு, கடைசி எழுத்தின் கோடு கால்மாடு. இரண்டுக்கும் நடுவே தலையணை, போர்வை வரையச் சொல்லுங்கள்.

3. நம் ஊர் அகரவரிசை: 'ஐ' என்றால் இக்லூ, 'ஒய்' என்றால் யாக் என்று இருக்கும் சார்ட்டில் உள்ளதைப் பல குழந்தைகள் நேரில் பார்த்ததே இல்லை. 'ஜி' பக்கத்தில் தெருவில் மேயும் ஆட்டையும், 'பி' பக்கத்தில் ஊருக்கு வரும் பஸ்ஸையும் குழந்தையே வரையட்டும். அந்த ஊரிலேயே இல்லாத வேறு புத்தகம் ஒன்று தயாராகிவிடும்.

4. படத்தைப் பற்றிப் பேசு: வரைந்து முடித்ததும் படத்தைக் காட்டி ஒரே ஒரு வாக்கியம். "மை டாக் இஸ் பிரவுன்" போதும். குழந்தை சொல்வதை டீச்சர் படத்துக்குக் கீழே எழுதிக் கொடுத்தால், தான் சொன்னதையே குழந்தை வாசிக்கத் தொடங்கும்.

எங்கே தவறு நடக்கிறது?

அச்சடித்த ஆப்பிளுக்கு அரை மணி நேரம் சிவப்பு கலர் அடிப்பது ஆங்கிலப் பாடம் ஆகாது. வரையும்போதும் வரைந்த பிறகும் அந்த வார்த்தை காதில் விழ வேண்டும், வாயில் வர வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் டிராயிங் பீரியட்தான்.

அடுத்த தவறு, படத்துக்கு மார்க் போடுவது. "இது மாடா, நாயா?" என்று கேலி செய்தால் குழந்தை அடுத்த முறை வரையவே தயங்கும். கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. அது என்ன என்று குழந்தைக்குச் சொல்லத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

எல்லா வார்த்தைகளையும் வரையவும் முடியாது. 'பிகாஸ்', 'தெரிஃபோர்' போன்றவற்றுக்குப் படம் கிடையாது. அவை பேச்சிலும் கதையிலும் கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டியவை.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில்...

கொரோனா கால இடைவெளியைச் சரிசெய்ய, தமிழ்நாடு அரசு 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. முதலில் 1 முதல் 3-ம் வகுப்பு வரை தமிழ், ஆங்கிலம், கணக்குப் பாடங்களுக்கு இது வந்தது. குழந்தைகளை அவர்களின் கற்றல் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, செயல்பாடுகள் வழியாகக் கற்றுத் தருவதே இதன் முறை. ஓவியம் இந்த முறைக்குள் எளிதாகப் பொருந்தும். ஒரே படத்தை வைத்து அரும்பு நிலைக் குழந்தை பெயர் சொல்லலாம், மொட்டு வார்த்தை எழுதலாம், மலர் வாக்கியம் எழுதலாம்.

ஆங்கிலம் தெரியாத பெற்றோர் என்ன செய்யலாம்?

குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இன்னைக்கு என்ன வரைஞ்ச? அதுக்கு இங்கிலீஷ்ல என்ன பேரு? எனக்குச் சொல்லிக் கொடு" என்று தமிழிலேயே கேளுங்கள். அம்மாவுக்குச் சொல்லித் தரும்போது குழந்தைக்கு அந்த வார்த்தை இன்னொரு முறை பதியும். உச்சரிப்பில் சந்தேகம் வந்தால் மறுநாள் டீச்சரிடம் கேட்டு வரச் சொல்லலாம்.

கலர் பென்சில் இல்லை என்றாலும் கவலை வேண்டாம். சாக்பீஸ், வாசலில் கோலமாவு, ஈர மணல் எதுவும் போதும். ஒரு நாளைக்கு 3 வார்த்தை, 10 நிமிடம். முந்தின நாள் படத்தை மூடி வைத்துவிட்டு வார்த்தையை மட்டும் காட்டிக் கேளுங்கள். குழந்தை சரியாகச் சொன்னால் அடுத்த வார்த்தைக்குப் போகலாம். சொல்லாவிட்டால், திட்டாமல் இன்னொரு முறை வரையச் சொல்லுங்கள்.