ஏடும் இடிபாடும்: கடாரம் நோக்கிய பயணங்கள்

ஏட்டில் படித்த ஊரைக் கண்ணால் காண வேண்டும் என்னும் வேட்கை மாந்தர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரம் கற்றவர் பூம்புகார்க் கடற்கரையில் நின்று, அலைகளுக்கு அப்பால் மருவூர்ப்பாக்கத்தைத் தேடுகின்றனர். சோழர் வரலாறு பயின்றவர் கங்கைகொண்ட சோழபுரத்தின் விமானத்தை அண்ணாந்து நோக்குகின்றனர். மலேசியத் தமிழர்க்கு இவ்வேட்கை நிறைவேறக் கடல் கடக்க வேண்டுவதில்லை. கெடா மாநிலத்தில், ஜெராய் மலைக்கும் மூடா ஆற்றுக்கும் இடைப்பட்ட பகுதியில் பூஜாங் பள்ளத்தாக்கு கிடக்கின்றது.

வட சிலாங்கூரின் தஞ்சோங் காராங், கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களில் வாழும் தமிழர்க்கும் அது எட்டாத் தொலைவன்று. விடியற்காலையில் பேருந்தில் ஏறினால் பேராக்கைக் கடந்து நண்பகலுக்குள் மெர்போக் சேர்ந்துவிடலாம். பள்ளி மாணவரும் ஆலயத் தொண்டரும் இயக்க இளைஞரும் குழுவாகச் செல்லும் இத்தகைய பயணங்களில் வழிகாட்டி ஒருவர் முன்நடப்பார். “இதுவே பட்டினப்பாலை கூறும் காழகம்; இதுவே இராசேந்திரன் வென்ற கடாரம்” என்னும் விளக்கம் கற்குவியல்களுக்கு உயிரூட்டும். கேட்போர் நெஞ்சு நிமிரும். அவ்வாறு நிமிர்வதற்கு உரிய காரணம் உண்டா, உண்டெனில் எவ்வளவு என்பதே ஆராயத்தக்கது.

ஏடுகள் கூறுவன

முதலில் நூற்சான்றுகளை நோக்குவோம். கரிகாலனைப் பாடும் பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களைப் பட்டியலிடும்போது ஈழத்தோடு காழகத்தையும் குறிக்கின்றது. காழகம் என்பதற்குக் கடாரம் என உரை வரைந்தவர் நச்சினார்க்கினியர். பாட்டு எழுந்த காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர் அவர்; கடாரத்தின் புகழ் தமிழகமெங்கும் பரவிய பின்னர் வாழ்ந்தவர். ஆகவே அவ்வுரை மதிக்கத்தக்க சான்றாயினும், முடிந்த முடிபாகாது.

சோழர் காலத்துச் சான்றுகள் இதனினும் உறுதியானவை. சிறீவிசயத்துக்கும் கடாரத்துக்கும் அரசனாகிய மாறவிசயோத்துங்கவர்மன், தன் தந்தையின் பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை எடுப்பித்தான். அப்பௌத்தப் பள்ளிக்கு முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஆம் ஆண்டளவில், ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். லெய்டன் செப்பேடுகள் என வழங்கும் ஆனைமங்கலச் செப்பேடுகள் இதனைத் தெரிவிக்கின்றன. சைவ மன்னன் ஒருவன் கடல் கடந்த நாட்டரசனின் பௌத்தப் பள்ளிக்கு நிலம் ஈந்தான் என்பது, படையெடுப்புக்கு முன்னர் நிலவிய நட்புக்குச் சான்றாகும்.

பின்னர் 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திரனின் கடற்படை கிழக்கு நோக்கிப் புறப்பட்டது. அவனுடைய மெய்க்கீர்த்தி சிறீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாநக்கவாரம் முதலிய இடங்களை வரிசைப்படுத்திக் கடாரத்தில் முடிகின்றது. ‘கடாரங்கொண்டான்’ என்னும் பெயர் இவ்வெற்றியின் விளைவு.

கடாரம் எது என்னும் வினாவுக்கு அறிஞர் உடனே விடை கண்டாரல்லர். பர்மாவின் கீழ்ப்பகுதியே கடாரம் என முற்காலக் கல்வெட்டறிஞர் சிலர் கருதினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெகு நகருக்கு அருகே நின்ற கருங்கற்றூண்களை இராசேந்திரன் நாட்டிய வெற்றித்தூண்கள் என்றே தொல்லியலார் அறிவித்தனர். 1918இல் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செடேஸ் சிறீவிசயப் பேரரசைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்ட பின்னரே இக்கருத்து கைவிடப்பட்டு, கடாரம் கெடாவே என்னும் கொள்கை வேரூன்றியது. மெய்க்கீர்த்தி மாறவில்லை, தூண்களும் மாறவில்லை. இரண்டையும் இணைத்த கயிறே அறுந்தது. ஏட்டைக் கையில் ஏந்தி இடிபாட்டைத் தேடுவோர்க்கு இந்நிகழ்ச்சி ஓர் எச்சரிக்கை.

மண் கூறுவன

இனி, மண்ணின் சான்றுகளைக் காண்போம். செபராங் பிறையில் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் லோ 1834இல் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். புத்தகுப்தன் என்னும் மாநாவிகன் தன் பயணம் இனிது நிறைவேற வேண்டிப் பொறித்த அச்சமஸ்கிருதக் கல்வெட்டு ஐந்தாம் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படுகின்றது. 1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்சும் அவர் துணைவியார் டாரதியும் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 30 இடங்களை ஆய்ந்தனர். 1950களின் இறுதியில் அலஸ்டர் லாம், புக்கிட் பத்து பகாட் சண்டியை அகழ்ந்து மீட்டமைக்கும் பணியை நடத்தினார். சண்டி என்பது பண்டைய வழிபாட்டுக் கட்டடத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல். விமானமும் மண்டபமும் இணைந்த அமைப்புடைய அச்சிவாலயத்தின் மண்டபத்தில் தூண்களைத் தாங்கிய கற்பீடங்களே எஞ்சின. மேற்கட்டுமானம் மரத்தால் ஆகியிருந்து மட்கிப் போயிற்று என்பது இதனாற் பெறப்படும். கருவறையின் அடியில் புதைக்கப்பட்ட சிறு கற்பேழைகளும் கிடைத்தன.

பெங்காலான் பூஜாங்கில் சீனப் பீங்கான் ஓடுகளும் மேலை ஆசியக் கண்ணாடித் துண்டுகளும் மணிகளும் திரளாகக் கிடைத்தன. ஏழாம் நூற்றாண்டில் சீனப் பயணி இட்சிங், இந்தியாவுக்குச் செல்லும் வழியில் கெடாவில் தங்கினார். பருவக்காற்று மாறும் வரை மரக்கலங்கள் காத்திருக்க ஏற்ற துறை அது. தொலைக்கடலில் வரும் மாலுமிக்கு 1,217 மீட்டர் உயர்ந்த ஜெராய் மலையே கலங்கரை விளக்கம்.

2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் சுங்கை பத்துவில் நடத்திய அகழாய்வு, இரும்பு உருக்கிய உலைக்களங்களையும் துருத்திக் குழல்களையும் ஆற்றங்கரைப் படகுத்துறைகளையும் வெளிப்படுத்தியது. 2023இல் ஜெராய் மலைக்கு வடக்கே புக்கிட் சோராசில் பௌத்தக் கட்டடம் ஒன்றும் ஆளுயரச் சுதைப் புத்தர் உருவங்களும் வெளிப்பட்டன. வணிகமும் தொழிலும் வழிபாடும் ஒருங்கே செழித்த துறைமுக நாடு அது என்பதில் ஐயமில்லை.

ஆயினும், பயணிகள் விரும்பிக் கேட்கும் செய்தி வேறு. கற்கள் கூறும் செய்தி வேறு. பள்ளத்தாக்கில் இன்று காணப்பெறும் சண்டிகள் பட்டினப்பாலை பாடப்பெற்ற காலத்தின அல்ல. அவற்றுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவை. இராசேந்திரன் பெயர் பொறித்த கல் எதுவும் அங்கே கிடைத்ததாகத் தெரியவில்லை. அங்குக் கிடைத்த எழுத்துச் சான்றுகளுள் சமஸ்கிருதப் பௌத்த வாசகங்களே மிகுதி. தமிழ்க் கல்வெட்டுக்குச் சான்று தேடுவோர், தாய்லாந்தின் தக்குவா பாவில் மணிக்கிராமத்தார் பெயர் விளங்கும் ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்லையும், சுமத்திராவின் பாரூசில் ஐந்நூற்றுவர் பொறித்த 1088ஆம் ஆண்டுக் கல்லையும் நாட வேண்டும். அவ்விரண்டும் வேந்தர் வெட்டியவை அல்ல. வணிகர் பெயரைத் தாங்கியவை. மேலும், அருங்காட்சியக வளாகத்தில் காணும் பெண்டாங் டாலாம், பெங்காலான் பூஜாங் முதலிய சண்டிகள் வேறிடங்களிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்து அடுக்கப்பெற்றவை. இதனை அறியாதார், பல ஊர்களில் பல காலங்களில் எழுந்த கட்டடங்களை ஒரே கோயில் நகரமாக எண்ணி மயங்குவர்.

தென்னாட்டுத் தொடர்பு இதனால் பொய்யாகிவிடாது. கட்டட அமைப்பும் வழிபாட்டு முறையும் அதனை உறுதிப்படுத்துகின்றன. ஆனால் அத்தொடர்பு, வென்றவர்க்கும் தோற்றவர்க்கும் இடைப்பட்ட உறவாக மட்டும் அமைந்ததன்று. உள்ளூர் மக்கள் இரும்பு உருக்கினர். உள்ளூர் அரசர் துறைகளை ஆண்டனர். பல நாட்டு வணிகர் வந்து தங்கினர். சாண்டில்யனின் ‘கடல் புறா’வையும் அகிலனின் ‘வேங்கையின் மைந்த’னையும் படித்து வளர்ந்த தலைமுறை, போர் முழக்கத்தையே தேடி அங்குச் சென்று, உலைக்களத்தின் ஓசையைக் கேளாமல் திரும்பிவிடுவது இழப்பேயாகும்.

அமெரிக்க நாட்டின் ஒரு பாடம்

இவ்வேட்கை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் 1830இல் மோர்மன் நூலை வெளியிட்டார். எருசலேமிலிருந்து கிறித்துவுக்கு ஏறத்தாழ 600 ஆண்டுகட்கு முன்னர்ப் புறப்பட்ட மக்கள் அமெரிக்கக் கண்டத்தில் பெருநகரங்களை எழுப்பிப் பின்னர் அழிந்தனர் என அந்நூல் கூறும். 1841இல் ஜான் லாய்ட் ஸ்டீபன்ஸ் நடு அமெரிக்க இடிபாடுகளைப் பற்றிய பயண நூலை, கேதர்வுட் வரைந்த ஓவியங்களோடு வெளியிட்டபோது, அம்மரபினர் தம் நூலின் நகரங்கள் கிட்டிவிட்டன என மகிழ்ந்தனர். அன்று தொடங்கிய ஆர்வம், மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் உள்ள பலெங்கே, சிச்சென் இட்சா முதலிய இடிபாடுகளுக்கு வழிகாட்டியுடன் செல்லும் குழுப் பயணங்களாக வளர்ந்துள்ளது. அவ்வூர்களை எழுப்பியவர் மாயா மக்களே என்பது தொல்லியலின் முடிபு. மாயா எழுத்துகளைப் படித்தறிந்த பின்னர் அம்மன்னர் பெயர்களும் போர்களும் வெளியாயின. அவற்றுள் எருசலேம் பற்றிய செய்தி இல்லை. மோர்மன் நூலின் நிகழ்ச்சிகள் எவ்விடத்தில் நடந்தன என்பது பற்றி அத்திருச்சபையும் அதிகாரபூர்வமாக எதனையும் வரையறுக்கவில்லை.

அம்மரபினருள் ஒருவரான தாமஸ் ஸ்டூவர்ட் பெர்கூசன், நூலை அகழாய்வால் மெய்ப்பிக்கும் உறுதியோடு 1952இல் ஓர் ஆய்வு நிறுவனத்தை அமைத்தார். அது சியாப்பாஸ் மாநிலத்தில் செய்த பணி நடு அமெரிக்கத் தொல்லியலுக்குப் பெரும் பயன் விளைத்தது. அவர் தேடிய சான்று மட்டும் கிட்டவில்லை. இறுதிக் காலத்தில் அவர் நம்பிக்கையும் தளர்ந்தது. தோண்டியவர் தேடியது கிடைக்கவில்லை. தேடாத மக்களின் வரலாறு கிடைத்தது.

கடாரத்தின் நிலை இதனின் வேறு என்பதும் உண்மையே. கடாரம் கற்பனை நாடன்று. செப்பேடும் கல்வெட்டும் அதற்கு உண்டு. ஆயினும் ஏட்டின் மீதுள்ள பற்று, மண்ணுக்கு உரியவரை மறைத்துவிடும் என்னும் பாடம் இரு சாரார்க்கும் பொது.

காப்பதும் இழப்பதும்

2013ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு செய்தி நாட்டை உலுக்கியது. பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி, வீடமைப்புப் பணிக்காக நிலம் திருத்தியபோது தரைமட்டமாக்கப்பட்டது என்பதே அது. இன வேறுபாடின்றிப் பலரும் கண்டனம் எழுப்பினர். ஆயிரம் ஆண்டுகட்கு மேற்பட்ட மழையையும் காட்டையும் தாங்கி நின்ற கட்டடம், பொறியின் முன் நிற்க ஆற்றாது போயிற்று. இடிபாடும் இடியும் என்பதை உலகம் அன்று கண்டது.

இச்செய்தி வட சிலாங்கூர்த் தமிழர்க்கு மிக நெருக்கமானது. அவர்களுடைய முன்னோர் கடாரம் வென்ற படையோடு வந்தவரல்லர். பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளில் ஒப்பந்தக் கூலிகளாகவும் கங்காணி வழியாகவும் கப்பலேறி வந்தவர்களே பெரும்பாலோர். 1907இல் அமைக்கப்பட்ட குடியேற்ற நிதியே பலருடைய கப்பற் கட்டணத்தைச் செலுத்தியது. 1910இல் மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை கைவிடப்பட்டது. 1938இல் இந்திய அரசு உதவி பெற்ற தொழிலாளர் குடியேற்றத்தையே தடுத்தது. அதற்குள் காடு அழித்து, சதுப்பில் வாய்க்கால் வெட்டி, இரப்பரும் தென்னையும் வளர்த்து, லயங்களின் அருகே மாரியம்மனுக்குக் கோயிலும் பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளியும் எழுப்பிவிட்டனர் அம்மக்கள்.

இரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, நிலம் கைமாறியது. பிரட்டுக்களமும் ஆயக்கொட்டகையும் லயமும் பல தோட்டங்களில் அடையாளமின்றி மறைந்தன. கோயில் பெயர்ந்தது, பள்ளி இடம் மாறியது, இடுகாட்டைச் செம்பனை மூடியது. கோலசிலாங்கூரின் புக்கிட் மெலாவத்தியில் 1784இல் டச்சுக்காரர் கைப்பற்றி, மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் மீட்ட கோட்டையின் பீரங்கிகள் காக்கப்பட்டுப் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. அதே மாவட்டத்துத் தோட்டங்களில் மூன்று தலைமுறை உழைத்தவரின் லயத்துக்கு அத்தகைய காவல் இல்லை. ஆயிரம் ஆண்டுப் பழமையைத் தேடிப் பேருந்தேறும் பிள்ளை, நூறாண்டுப் பழமை தன் காலடியில் மறைவதை அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

ஆசிரியர் கடமை

இதனாற் கெடாப் பயணம் வேண்டாவென்பது கருத்தன்று. செம்மையாகச் செல்ல வேண்டும் என்பதே கருத்து. புறப்படுமுன் மாணவர்க்கு மூன்று வினாக்களைப் பயிற்றுதல் நன்று. ஏடு எக்காலத்தது, உரை எக்காலத்தது? கல் எவ்விடத்தில் கிடைத்தது, இப்போது நிற்பது எவ்விடத்தில்? இவ்விரண்டையும் இணைத்தவர் யார், எச்சான்றால் இணைத்தார்? இவற்றுக்கு விடை தேடும் மாணவன், பெருமையையும் இழக்கமாட்டான், உண்மையையும் இழக்கமாட்டான்.

அடுத்து, அதே வினாக்களோடு தன் ஊரையும் ஆராயுமாறு அவனைத் தூண்ட வேண்டும். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய முதியோர் நினைவிலுள்ள செய்திகள், கோயிற் கணக்கேடுகள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், கல்லறைகளில் பொறித்த பெயர்கள் ஆகிய யாவும் செப்பேடுகளுக்கு ஒப்பானவை. புத்தகுப்தன் தன் பயணம் இனிது முடிய வேண்டிக் கல்லில் எழுதினான். அவன் பெயர் 1500 ஆண்டுகள் நின்றது. தஞ்சோங் காராங்குக்கு வந்திறங்கியவரும் பயணம் இனிது முடிய வேண்டியே கடல் கடந்தனர். கல்லில் எழுதும் வாய்ப்பு அவர்கட்கு இல்லை. அவர்கள் பெயரை ஏட்டில் எழுதி வைத்தல், எழுத்தறிந்த இத்தலைமுறையின் கடன்.