கரைவதே வேலையான உலோகம்

1906இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில், கால் எலும்பு முறிந்த 17 வயதுப் பையனுக்கு அல்பின் லாம்போட் என்ற அறுவை மருத்துவர் மெக்னீசியத் தகடு பொருத்தினார். தகட்டை இறுக்க எஃகு ஆணிகள். எட்டே நாளில் தகடு சிதைந்து, தோலுக்கடியில் வாயு திரண்டு நின்றது.

கைத்திறன் போதாத ஆள் அல்ல அவர். அறுவைக் கருவிகளைத் தானே வடிவமைத்தவர். ஓய்வில் வயலின்கூடச் செய்தவர். கோளாறு ஆணியில் இருந்தது. உடலின் உப்பு கலந்த நீரில் இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் மின்கலம் உருவாகிவிடும். அதில் அரிபடுவது மெக்னீசியம்தான். ஒரு கிராம் கரைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் ஹைட்ரஜன் வெளிவரும்.

பிற்காலத்தில் அவரும் சீடர் ஷான் வெர்புருக்கும் எஃகைத் தவிர்த்து, மெக்னீசியத்தை மட்டும் வைத்துப் பார்த்தார்கள். பலன் கிடைத்தது. ஆனால் துருப்பிடிக்காத எஃகும் பின்னர் டைட்டானியமும் வந்ததும், கரையும் உலோகத்தை யாரும் சீந்தவில்லை.

அதற்கு மறுவாழ்வு தந்த துறைகளில் ஒன்று பல் மருத்துவம். பல் போன இடத்தில் தாடை எலும்பு சூம்பும். அதை மீண்டும் வளர்க்கப் பார்த்தால், எலும்பை முந்திக்கொண்டு ஈறுத்திசு அந்தக் குழியை அடைத்துவிடும். நடுவே ஒரு சவ்வை வைத்துத் தடுத்தால் எலும்புக்கு அவகாசம் கிடைக்கும் என்பதை 1988இல் ஸ்வீடனின் கிறிஸ்டர் டாலின் குழு எலிகளில் சோதித்து நிறுவியது. அவர்கள் வைத்தது டெஃப்ளான் வகைச் சவ்வு. அது கரையாது, எடுக்க ஈறை மறுபடி கிழிக்க வேண்டும். விலங்குகளிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற புரதத்தாலான சவ்வு தானே கரையும், ஆனால் துவண்டு குழிக்குள் விழும். டைட்டானியம் விறைப்பாக நிற்கும், அதையும் பெரும்பாலும் பிறகு எடுத்தாக வேண்டும்.

விறைப்பும் வேண்டும், கரையவும் வேண்டும் என்றால் மெக்னீசியத்தை விட்டால் வழி குறைவு. 2020களின் தொடக்கத்தில் தூய மெக்னீசியச் சவ்வு ஐரோப்பாவில் சிகிச்சைக்கு வந்தது. அதைப் பொருத்தும் திருகாணியும் மெக்னீசியமே. வாயு இப்போதும் கிளம்புகிறது. சவ்வு மெல்லியது என்பதால் சிறு குமிழிகளாகச் சேர்ந்து, உடலே அவற்றை மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது. சில மாதங்களில் உலோகமும் மறைந்துவிடும்.

இருந்தாலும் பல் மருத்துவர்களின் கை கொலாஜனைத்தான் முதலில் தேடுகிறது. அதற்கு 1990களிலிருந்து சேர்ந்த சிகிச்சை அனுபவம் உண்டு. மெக்னீசியச் சவ்வுக்கு அத்தனை காலம் இன்னும் ஆகவில்லை.