பறம்பிடம் விடைபெற்ற கபிலர்

தலைவன் இறந்தபின் அவனைச் சார்ந்தோர் செயலற்று வருந்திப் பாடுவது கையறுநிலை. புறநானூற்றில் இத்துறைப் பாடல்கள் பல உண்டு. வேள் பாரி மாண்டபின் எழுந்த பாடல்கள் 112 முதல் 120 வரை அமைந்துள்ளன. முதற்பாடல் பாரி மகளிருடையது, ஐந்தே அடி. ஏனையவை பாரியின் நண்பர் கபிலர் பாடியவை.

இவற்றில் பாரியின் உடலோ அவன் வீழ்ந்த களமோ காட்டப்படுவதில்லை. துயரம் முழுவதையும் அவன் ஆண்ட பறம்புமலை சுமக்கிறது. 113ஆம் பாடலில், பாரி மகளிருக்கு மணம் முடிக்கப் புறப்படும் கபிலர் மலையிடம் சொல்லிக்கொண்டு கிளம்புகிறார். கள் சாடி திறந்தபடியும் கிடா வெட்டியபடியும் இருந்த பழைய நாளை நினைத்து, கண்ணீரோடு தொழுது வாழ்த்துகிறார். அடுத்த பாடலில் அந்த மலை நின்ற இடத்திலிருந்தும் தெரிகிறது. இன்னும் சிறிது தொலைவு போய்ப் பார்த்தாலும் தெரிகிறது. பிரிவை நடந்த தூரத்தால் அளக்கும் இந்த உத்திக்கு எந்த அழுகைச் சொல்லும் ஈடாகாது. 118இல், எட்டாம் நாள் பிறைபோல் கரை வளைந்த சிறுகுளம் பேணுவாரின்றி உடைகிறது.

116ஆம் பாடல் பாரி மகளிரின் புதிய இருப்பைக் காட்டுகிறது. முள்வேலியிட்ட சிறுவீடு, முற்றத்தில் பருத்தி, பக்கத்தில் சுரைக்கொடி. ஈச்ச இலைகள் குவிந்த குப்பைமேட்டில் ஏறி நின்று, உமணரின் உப்பு வண்டிகளை அப்பெண்கள் எண்ணுகிறார்கள். தந்தையின் மலைமேல் நின்று, முற்றுகையிட்ட வேந்தரின் பொன்னணிக் குதிரைகளை எண்ணியவர்கள் அவர்கள். எண்ணும் விளையாட்டு மாறவில்லை. எண்ணப்படும் பொருள்தான் மாறியிருக்கிறது.

விச்சிக்கோன், இருங்கோவேள் ஆகிய தலைவர்களிடம் மணம் பேசக் கபிலர் அம்மகளிரை அழைத்துச் சென்றதை 200 முதல் 202 வரையுள்ள பாடல்கள் சொல்கின்றன. கடமை முடிந்தபின் பாடிய 236இல்தான் அவர் பாரியை நேருக்கு நேர் விளிக்கிறார். அதுவும் ஊடலாகவே தொடங்குகிறது: உடன்வர விடாமல் தடுத்துவிட்டாய், நம் நட்புக்கு இது தகாது என்று கடிந்துகொள்கிறார். மறுமையிலும் சேர்ந்து வாழ ஊழ் அருள வேண்டும் என்று கேட்டு முடிக்கிறார். மலையை விட முடிந்தவருக்கு மனிதனை விட முடியவில்லை.

அவர் முடிவு பற்றிச் சான்றுகள் ஒத்துப்போவதில்லை. 236ஆம் பாடலின் அடிக்குறிப்பு, மகளிரைப் பார்ப்பாரிடம் சேர்த்துவிட்டு வடக்கிருந்தார், அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாநோன்பிருந்து உயிர்விட முனைந்தார் என்கிறது. திருக்கோவலூர்க் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டோ, பாரி மகளை மலையன் என்னும் தலைவனுக்குக் கொடுத்துவிட்டுத் தீயில் புகுந்தார் என்கிறது. அங்கே பெண்ணையாற்றின் நடுவே நிற்கும் ஒரு பாறையைக் கபிலர் குன்று என்றே அழைக்கிறார்கள்.